அடுப்புல பால் இருக்கு சிஸ்

பாக்கலாம் தம்பி, தப்பில்ல. பக்கத்து சீட்டுக்காரன் போனை எட்டிப் பாக்குறது டிக்கெட்டோட சேத்துக் குடுக்குற உரிமை. நானும் பாப்பேன். நீங்க பாத்துட்டு சட்டுனு அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க பாருங்க, அதுலதான் தெரிஞ்சுபோச்சு. ‘மீசை வச்ச ஆளு, பாதித் தலை நரைச்சவன், சூப்பர் எபி சிஸ், கண்ணு கலங்கிருச்சுன்னு டைப் அடிக்கிறானே, யாருடா இவன்’னு நெனச்சீங்க. நெனச்சீங்கல்ல? சிரிங்க, பரவாயில்ல.

திருச்சி வரைக்குமா? நல்லதாப் போச்சு. யார்கிட்டயாவது சொல்லணும்னு ஒரு வாரமா நெஞ்சுல முட்டிக்கிட்டு நிக்குது. தெரிஞ்ச ஆளுக்கிட்ட சொல்ல முடியாது. உங்கள நான் இனிமே எங்க பாக்கப் போறேன்?

என் பேரு மாசிலாமணி. திண்டுக்கல்லுல நத்தம் ரோட்டுல எடை மேடை பாக்குறேன். லாரி வந்து மேல ஏறும், கம்ப்யூட்டர்ல எடை விழும், சீட்டு அடிச்சுக் குடுப்பேன். அந்தா, முன்னால லேடீஸ் சீட்டுல சன்னலோரம், செவப்புச் சேலை, காதுல ஒயரு மாட்டிக்கிட்டு போனைப் பாத்துக்கிட்டு வருதுல்ல, அதுதான் எங்க வீட்டுக்காரி. பேரு காந்திமதி. பேரு சொல்லியா கூப்பிடுறேன்? ‘இந்தா’ம்பேன், திரும்பிருவா. முப்பத்தொரு வருசமா அதுதான் பேரு. கேக்காது தம்பி, ஒயரு இருக்கு. எந்நேரமும் சமையல் வீடியோதான். அம்புட்டு வீடியோ பாக்குறா, தட்டுல மட்டும் அதே கத்திரிக்காக் குழம்புதான் வந்து விழுது. அதான் எனக்குப் பிடிபடல.

சரி, விசயத்துக்கு வர்றேன். பொம்பளைங்க காதல் கதை எழுதுற சைட்டு ஒண்ணு இருக்கு. தொடர்கதை. ஒரு அத்தியாயத்துக்கு எபின்னு பேரு. அடுத்த எபியப் போட்டா ‘யூடி வந்துருச்சு’ம்பாங்க. ஒருத்தர ஒருத்தர் சிஸ்னுதான் கூப்பிடுவாங்க, சிஸ்டருக்குச் சுருக்கம். படிச்சுட்டுக் கீழ கமெண்ட் போடணும், அதுதான் மரியாதை. விருந்து சாப்பிட்டவன் நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லாமக் கைய கழுவிட்டுப் போனா எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

லாக்டவுன்ல லாரி ஓடல. ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பத்தான் சைட்டு கண்ணுல பட்டுச்சு. சும்மா தள்ளிப் பாப்போம்னுதான் தொட்டேன் தம்பி, ஒரு கதைய ஒரே மூச்சுல முடிச்சுட்டேன். ஆறடி உயரம், ஆறு கம்பெனிக்கு முதலாளி, மூக்கு நுனியில கோவம், அப்படி ஒரு ஹீரோ. எனக்கே அவன் மேல ஒரு இது வந்துருச்சுன்னா பாத்துக்கங்க. பாராட்டி எழுதணும்னா ஐடி வேணும்னுச்சு. எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்க மக அவ அம்மா பேருல ஒரு மெயில் ஐடி போட்டுக் குடுத்திருந்துச்சு, அத வச்சு அமுக்குனேன். பேரு தானா காந்திமதின்னு வந்து உக்காந்துருச்சு. ஓடிபி அவ போனுக்குப் போயிருச்சு. ‘என்னமோ நம்பர் வருதே’ன்னா. ‘கேஸ் புக்கிங்’னேன். ‘கேஸ் நேத்துத்தான வந்துச்சு’ன்னா. ‘அது அடுத்த சிலிண்டருக்கு’ன்னேன். நம்பரைச் சொல்லிட்டா. வெள்ளந்தி தம்பி அவ.

மொத கமெண்ட் போட்டேன். அஞ்சே நிமிசத்துல எழுதுன புள்ளகிட்டருந்து பதில். ‘ரொம்ப நன்றி காந்தி சிஸ், நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா?’ ‘நான் சிஸ் இல்லம்மா’ன்னு டைப் பண்ணேன் தம்பி, சத்தியமாப் பண்ணேன். அனுப்பல. அழிச்சுட்டேன். ஏன்னு சொல்லட்டா? எடை மேடையில என்னைய யாரு ‘சாப்டீங்களா’ன்னு கேட்டா? ‘எத்தன டன்னு?’ அம்புட்டுதான் கேப்பான். நமக்குன்னு கேக்க நாலு பேரு இருக்குறது ஒரு ருசி. விட மனசு வரல.

தப்பா நெனைக்காதீங்க. அங்க பொம்பளைங்க மனசு விட்டுப் பேசுவாங்க. பிரசவம், தையல் வலின்னு எதாவது ஆரம்பிச்சாங்கன்னா நான் ஒரு நொடி நிக்க மாட்டேன். ‘அடுப்புல பால் இருக்கு சிஸ், வர்றேன்’னு சொல்லிட்டு வெளிய வந்துருவேன். மாமியார் சண்டையா, இருப்பேன், அது ஊரறிஞ்ச விசயம். அதத் தாண்டுனா அடுப்புல பால். ‘காந்தி சிஸ் வீட்ல எத்தன மாடு கட்டியிருக்கீங்க, எப்பப் பாத்தாலும் பால் காயுது’ன்னு கேலியே பண்ணுவாங்க. கேக்கக்கூடாதத நான் கேட்டதில்ல தம்பி, அது மட்டும் மீனாட்சி சாட்சி.

ஆறடி ஹீரோ நாலு பேரப் படிச்சதும் சலிச்சுப்போச்சு. எல்லாரும் கையப் புடிச்சு முறுக்குறான், அப்புறம் மன்னிப்புக் கேக்குறான். வேற மாதிரி எழுதுறவங்கள தேடிப் போனேன். அங்கதான் என் வண்டி தடம் மாறுச்சு.

ஒரு கதை. பதிமூணு வயசுப் பொண்ணு. அப்பா சைக்கிள் பாருல உக்காந்து ஸ்கூலுக்குப் போற புள்ள. பெரியவளாயிருது. மறுநா அந்த அப்பன் சைக்கிளத் தனியா எடுத்துட்டுப் போயிர்றான். திட்டல, அடிக்கல. பாருல ஏத்திக்கல, அம்புட்டுத்தான். அந்தப் புள்ள வாசல்ல நிக்குது பையோட. மேடை மேல வெங்காய லாரி நிக்குது, டிரைவர் ஆரன் அடிக்கிறான், நான் கண்ணத் தொடச்சுக்கிட்டு இருக்கேன். ‘என்ன மேஸ்திரி, மூடியிருக்குற வெங்காயத்துக்கே அழுவுறீங்க?’ன்னான் படவா.

நான் அப்படிப்பட்ட அப்பன் இல்லன்னு கமெண்ட்ல போட... இல்ல, அப்பன்னு போட முடியாதுல்ல. ‘என் வீட்டுக்காரர் அப்படியில்ல, மகள உசுரா வளத்தாரு’ன்னு போட்டேன். போட்டுட்டு ஓசூர்ல இருக்குற மகளுக்குப் போனப் போட்டேன். ‘ஏத்தா, நீ பெரியவளானப்புறம் ஒன்னைய டிவிஎஸ்ல முன்னால ஏத்திக்கிட்டுத்தான போனேன்?’னு கேட்டேன். ‘இல்லப்பா, ஆட்டோ வச்சு விட்டீங்க’ன்னுது. ‘ஏப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா? அம்மாகிட்ட போனக் குடுங்க’ன்னுது. ஆட்டோவுக்குக் காசு யாரு குடுத்தா, நான்தான? அந்தக் கதைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல தம்பி. ஆனா அந்த எபிய மட்டும் இன்னொரு தடவ திறந்ததில்ல.

அப்புறம் ஒண்ணு. ரெண்டு பொண்ணுங்க. ஒருத்தி நர்சு, இன்னொருத்தி பேக்கரி வச்சிருக்கா. ஒரே வீட்டுல வாடகைக்கு இருக்காங்க. நானும் ஹீரோ இப்ப வருவான், அப்ப வருவான்னு நாலு எபி காத்துக்கிட்டிருக்கேன். பேக்கரிக்கு ஒரு பையன் பன்னு வாங்க வந்தான், இவந்தான்னு பாத்தா பன்ன வாங்கிட்டுப் போயிட்டான். பொறுக்க முடியாம ‘ஹீரோ எப்ப சிஸ் வருவாரு?’ன்னு கேட்டுட்டேன். சைட்டே சிரிச்சுது. அங்க ஒரு வாயாடி உண்டு, வரமிளகாய்னு பேரு வச்சுக்கிட்டு. அது சொல்லுது: ‘காந்தி சிஸ், ஹீரோவையே எதிர்பாத்து எதிர்பாத்து வீட்டுக்குள்ள இருக்குற ஹீரோயினக் கோட்ட விட்டுட்டீங்களே.’

அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. உள்ளதச் சொல்றேன், ஆடிப்போயிட்டேன். ‘இதென்னடா கூத்து’ன்னு மூடி வச்சுட்டேன். ஆனா தம்பி, அந்த நர்சுப் புள்ள தன் அம்மாவப் பாக்க ஊருக்குப் போயி, அடைச்ச கதவுக்கு முன்னால நிக்கிறதோட அந்த எபி முடிஞ்சிருந்துச்சு. ரெண்டு நாளா அந்தக் கதவேதான் மண்டைக்குள்ள. சோறு எறங்கல. கதவு தெறந்துச்சா இல்லையான்னு தெரியணும்ல? திரும்பப் போயிப் படிச்சேன். தெறந்துச்சு. பாதிதான் தெறந்துச்சு. அந்தப் பாதிக்கே நான் அழுதேன். எனக்கு அந்த விசயம் இன்னும் முழுசாப் பிடிபடல, ஆனா அந்தக் கதவச் சாத்துறவ பக்கம் மட்டும் நான் நிக்க மாட்டேன்.

ஆமா, அந்த மிளகாயப் பத்திச் சொல்லியாகணும். நான் சேந்து ஒரு மாசத்துல வந்து சேந்துச்சு. நான் எங்க என்ன எழுதுனாலும் கீழ வந்து ஒரு சிட்டிகை காரத்தத் தூவிட்டுப் போகும். ஹீரோ நல்லவன்னு நான் சொன்னா, ‘நல்லவன்தான், ஆனா குடிச்ச டம்ளர எடுத்த எடத்துல வைக்கத் தெரியாதவன் காதல் பண்ணி என்ன கிழிக்கப் போறான்’ங்கும். அன்னைக்குக் காலையிலதான் எங்க வீட்டுக்காரி, டம்ளர சன்னல் கட்டையில வைக்காதீங்கன்னு கத்தியிருந்தா. பாருங்களேன், உலகத்துல எல்லாப் பொம்பளைக்கும் டம்ளர்லதான் கண்ணு.

ஏன் தம்பி சிரிக்கிறீங்க? இருங்க, இன்னும் இருக்கு.

போன வருசம் செம்பருத்தி சேகர்னு ஒரு புள்ள ஒரு கதை ஆரம்பிச்சுது. ‘உப்புக்காற்றில் ஒரு குடை.’ ஹீரோயினு அமலி, கடலோரத்து ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர். கறுப்பு, நல்ல தாட்டியம், வயசு முப்பத்தி மூணு. ஹீரோ யூசுப்பு, அவளவிட இளையவன். படகு எஞ்சின் ரிப்பேர் பாக்குறவன். பொறந்ததுலருந்து காது கேக்காது, பேச்சும் வராது. வாசகருங்க ஒவ்வொருத்தராக் கழண்டுக்கிட்டாங்க. ‘ஹீரோ பேசலன்னா எப்படி சிஸ் காதலச் சொல்வான்?’ ‘ஹீரோயின் கொஞ்சம் மெலியுற மாதிரி வைங்க சிஸ்.’ ‘ஆளு வேற மதம், வயசு வேற கம்மி, இத்தனையும் ஒரே கதையில எதுக்கு?’ இப்படி. கடைசியில ஏழெட்டுப் பேருதான் மிச்சம். அந்தப் புள்ள மனசு வெறுத்து ‘இதோட நிறுத்திக்கிறேன்’னு போட்டுருச்சு.

எனக்குப் பொறுக்கல தம்பி. அந்த யூசுப்பு, அமலி டீச்சருக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சு, அவ வீட்டு வாசல்ல வந்து கையால பேசுறான். அவளுக்கு அந்தப் பாசை தெரியாது. தெரியாதுன்னு தெரிஞ்சும் பேசிக்கிட்டே நிக்கிறான். அத எழுதுன கை நிக்கலாமா? ஒக்காந்து எழுதுனேன். ‘எடை மேடையில லாரிய ரெண்டு தடவ எடை போடுவாங்கம்மா. சரக்கோட ஒரு தடவ, காலியா ஒரு தடவ. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. உன் கதைக்குள்ள நான் காலி வண்டியாத்தான் வந்தேன், இப்ப ரொம்பிப் போயி நிக்கிறேன். சரக்கு என்னன்னு நீயே பாத்துக்க. நிறுத்தாத’ன்னு.

அது பத்திக்கிச்சு தம்பி. அத அப்படியே எடுத்து எல்லாரும் எல்லா எடத்துலயும் போட்டாங்க. விட்டுட்டுப் போனவங்க திரும்பி வந்தாங்க. கதை ஓஹோன்னு போயி முடிஞ்சுது. நடுவுல ஒருத்தி கேட்டா, ‘காந்தி சிஸ், எடை மேடையெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?’ மாட்டிக்கிட்டேன்ல? ‘என் வீட்டுக்காரர் எடை மேடை பாக்குறாரு’ன்னேன். அதோட நிறுத்தியிருக்கணும். நாக்கு அரிச்சுது. ‘தங்கமான மனுசன். ஒரு சுடுசொல் சொன்னதில்ல. எனக்குக் கால் வலின்னா தைலம் தேச்சு அமுக்கி விடுவாரு’ன்னு சேத்துப் போட்டேன். நம்மளப் பத்தி நாமளே நாலு நல்லது சொல்லலன்னா வேற யாரு சொல்லுவா?

உடனே மிளகாய் வந்துருச்சு. ‘அப்படியா சிஸ்? எந்த ஊரு தைலம்?’

எல்லாரும் சிரிச்சு உருண்டாங்க. அதே நேரம் அடுப்படியில எங்க வீட்டுக்காரியும் கெக்கெக்கேன்னு சிரிக்கிறா, எதோ வீடியோ பாத்து. எரிச்சலா வந்துச்சு எனக்கு.

விடல அந்த மிளகாய். யூசுப்பப் பத்தி நான் உருகி உருகி எழுதுன எடத்துல வந்து சொல்லுது: ‘அவனுக்கு வாய் இல்ல, கையால சொல்றான். வாய் இருந்தும் முப்பது வருசமா ஒரு “நல்லா இருக்கு” சொல்லாத ஹீரோவெல்லாம் ஊர்ல இருக்காங்க காந்தி சிஸ். அவங்களப் பத்தியும் யாராவது கதை எழுதுங்களேன்.’

அதப் படிச்சுட்டு எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு தம்பி. பாவம், அந்தம்மா புருசன் யாரோ, கல்லுளிமங்கன். அன்னைக்கு அதுக்கு ஆறுதலா ரொம்ப நேரம் எழுதுனேன். ‘கவலப்படாதீங்க சிஸ், ஆம்பளைங்களுக்கு மனசுல இருக்கும், சொல்லத் தெரியாது, நீங்க அருமையான பெண்மணி, உங்க ஒவ்வொரு எழுத்தும் முத்து’ன்னு. நெசமா ஆறுதல் சொன்னேன். அதுக்கு மட்டும் அது காரமாப் பதில் சொல்லல. ‘நன்றி’ன்னு ஒரே வார்த்தை. சாப்பாடு எடுத்து வைக்க எங்க வீட்டுக்காரி வந்தா, அவ கண்ணும் செவந்து கெடந்துச்சு. வெங்காயம் போல.

அட, பேச்சுவாக்குல பசிக்கிது. தூக்குச்சட்டிய அந்தக் கால்கிட்டருந்து எடுங்க தம்பி. புளிசாதம். கூச்சப்படாமச் சாப்பிடுங்க, நெறைய வச்சிருக்கா. எப்படி இருக்கு? பிரமாதமா? அம்புட்டா? ஆமா, நல்லாத்தான் இருக்கும். கடலப்பருப்ப வறுத்துப் போடுவா. சொல்றதா? அவகிட்டயா? எதுக்கு தம்பி, அவளுக்குத் தெரியாதா? தட்டு காலியாச்சுன்னா நல்லா இருக்குன்னுதான அர்த்தம். கதைக்குக் கமெண்ட் போடலாம், புளிசாதத்துக்கெல்லாம் கமெண்ட் போட்டுக்கிட்டிருந்தா...

சரி, அத விடுங்க. போன ஐப்பசியில எனக்குக் குடலிறக்கம் ஆபரேசன். ஆஸ்பத்திரியில படுத்துக்கெடந்தேன். போன எடுக்கக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரி புடுங்கி வச்சுட்டா. வாய்க்கு வாய் திட்டு. ‘கஞ்சியக் குடிங்க, அசையாதீங்க’ன்னு சிடுசிடுன்னே இருந்தா. வீட்டுக்கு வந்து போனத் தெறந்து பாத்தா, மிளகாய் எழுதியிருக்கு. ‘காந்தி சிஸ் இல்லாம இந்த எடமே உப்பில்லாமக் கெடக்கு. சண்ட போட ஆளில்ல. மாத்திரையக் கரெக்டாப் போடுங்க. சீக்கிரம் எந்திரிச்சு வாங்க. பயமா இருக்கு.’

நான் உடம்பு சரியில்லன்னு ஒருத்தருக்கும் சொல்லல தம்பி! எப்படிக் கண்டுபிடிச்சுச்சு? அதான் பொம்பள மனசுங்கிறது. எங்கயோ கண் காணாத ஊர்ல இருக்குறவளுக்குத் தெரியுது, பக்கத்துல கஞ்சியோட ஒக்காந்திருந்தவளுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை வரல. ‘பயமா இருக்கு’ன்னு எழுதியிருந்துச்சே, அத நான் எத்தன தடவ படிச்சேன்னு எனக்கே தெரியாது.

இப்பத்தான் சிக்கலே. அந்தக் குடைக் கதை புத்தகமாயிருச்சு. இன்னைக்குத் திருச்சியில வாசகர் சந்திப்பு, ஜங்ஷன் பக்கத்துல ஒரு ஓட்டல் மாடியில. மொதப் பிரதிய காந்தி சிஸ்தான் வாங்கணும்னு செம்பருத்திப் புள்ள ஒத்தக் கால்ல நிக்குது. ‘நீங்க மேடைக்கு வரலன்னா நான் புத்தகத்தப் பிரிக்கவே மாட்டேன் சிஸ்’ங்குது. போகலன்னா அந்தப் புள்ள மனசு உடைஞ்சிரும். போனா என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிரும். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சாச்சு, இப்பச் சோறு தீரப் போவுது. ‘பொம்பளைங்க பேசுற எடத்துல வேசம் போட்டு ஒக்காந்திருந்தியாடா’ன்னு அத்தனை பேரும் காறித் துப்புனா? ‘சாப்டீங்களா’ன்னு கேட்ட வாயெல்லாம் அது. போயிருமே தம்பி. எல்லாம் போயிருமே.

அதான் ஒரு யோசன பண்ணேன். நெசமான காந்திமதி வீட்லதான இருக்கா? அவளயே கூட்டிட்டுப் போயி மேடையில ஏத்திருவோம். ‘திருச்சியில மகளிர் விழா, உன் பேரு குலுக்கல்ல விழுந்திருக்கு, மேடையில ஒரு புத்தகம் குடுப்பாங்க, வாங்கிட்டுச் சிரிச்சுட்டு எறங்கிரு’ன்னேன். முப்பத்தொரு வருசத்துல நான் சொன்ன எதுக்கும் அவ ஒடனே சரின்னதில்ல. இதுக்கு மட்டும் மறுபேச்சு இல்லாமச் சரின்னுட்டா. எனக்கே சந்தேகம், காது சரியாக் கேக்குதான்னு.

யாராவது கதையப் பத்திக் கேட்டா முழிக்கக் கூடாதுல்ல? தெனம் சாயங்காலம் ஒக்காத்தி வச்சுப் பாடம் நடத்துனேன். ‘யூசுப்புன்னு ஒரு பையன், விசைப்படகு ரிப்பேர் பாக்குறான்’னேன். கண்ண மூடிக்கிட்டே ‘விசைப்படகு இல்ல, வள்ளம்’னா. ஆமா, வள்ளம்தான். நான் முன்னாடி எப்பவோ சொல்லியிருப்பேன் போல. நல்ல ஞாபகசக்தி அவளுக்கு, பாடத்த நான் பாதி சொல்றதுக்குள்ள மீதிய அவளே முடிச்சுருவா. கதைன்னாலே ஆகாதவ, பாருங்க. பயிற்சிதான் தம்பி எல்லாம்.

சேலை எடுக்கப் போனோம். நான் ஒரு ஊதாவக் காட்டுனேன். அவ அந்தச் செவப்ப எடுத்தா. ‘இதென்ன இப்படிக் கண்ணக் குத்துது’ன்னேன். ‘மிளகாப்பழக் கலரு. இன்னைக்கு எனக்கு இதுதான் பொருத்தம்’னா.

என்ன தம்பி, புரை ஏறுதா? தண்ணியக் குடிங்க. மெதுவாச் சாப்பிடுங்க, புளிசாதம் எங்கயும் ஓடிறாது.

அந்தா, மணப்பாறை வந்துருச்சு. முறுக்கு வாங்குறீங்களா? இருங்க, போன் அடிக்குது... மிளகாய்தான் போட்டிருக்கு! படிக்கிறேன் கேளுங்க. ‘கெளம்பியாச்சு சிஸ்டர்ஸ். பஸ்ல சன்னலோர சீட்டு. பக்கத்துல ஒரு அக்கா முறுக்கு வாங்கி எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. காந்தி சிஸ், இன்னைக்கு உங்கள நேர்ல பாக்காம விடமாட்டேன்.’ பாத்தீங்களா, அதுவும் வருது. எந்தப் பஸ்ஸுலயோ. எங்க வீட்டுக்காரியும் அங்க முறுக்குதான் கடிச்சுக்கிட்டு இருக்கா. இந்த ரோட்டுல எந்தப் பஸ்ஸுல ஏறுனாலும் முறுக்குதான தம்பி, அதுல என்ன அதிசயம்?

எல்லாரையும் ஏமாத்திறலாம். அந்த மிளகாய மட்டும் என்ன பண்றதுன்னு தெரியல. அது எங்க வீட்டுக்காரிகிட்ட ரெண்டு வார்த்தை பேசுனாலே கண்டுபிடிச்சுரும். அதுக்கு ஒரு பார்வை உண்டு. என்னைய அது மாதிரிப் புரிஞ்சுக்கிட்ட ஆளு இந்த ஒலகத்துல கெடையாது. அதுகிட்ட பொய்யா நிக்கத்தான் தம்பி எனக்கு மனசு வரல. உண்மையச் சொல்லிரலாங்கிறீங்களா? சொல்லலாம். ‘நாந்தான் சிஸ், மன்னிச்சுக்கங்க’ன்னு. சொல்லிருவேன், மிளகாய்கிட்ட மட்டும் சொல்லிருவேன். எங்க வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா என்ன ஆவுறது? ஊர்ப் பொம்பளைங்க எழுத்தையெல்லாம் முத்துங்கிறான், மரகதம்ங்கிறான், நமக்கு ஒரு வார்த்தை இல்லையேன்னு நெனைக்க மாட்டாளா?

...என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? ஆமா. நெனப்பால்ல.

நெனப்பா.

வந்துருச்சு திருச்சி. முடிவு பண்ணிட்டேன் தம்பி. அவள உள்ள அனுப்பிட்டு நான் எதுத்தாப்புல டீக்கடையில நின்னுக்குறேன். நம்மளால ஆகாது. பாவம் புண்ணியம் அப்புறம் பாத்துக்கலாம். இந்தா! எந்திரி, ஊரு வந்துருச்சு. நீ நேரா மாடிக்குப் போயிரு, எனக்கு வெளிய ஒரு சின்ன வேலை இருக்கு, முடிச்சுட்டு... என்ன?

என்ன சொன்ன?

தம்பி, உங்க காதுல விழுந்துச்சா? ‘ஏன், அடுப்புல பால் இருக்கா’ன்னு கேட்டுட்டுப் படியில எறங்குறா தம்பி. நான் வீட்ல ஒரு நாளும் சொன்னதில்லையே அத. அது அங்க மட்டும் சொல்றதுல்ல? அங்க இருக்குறவங்களுக்கு மட்டும்தான...

இருங்க. டம்ளரு. தைலம். ஆஸ்பத்திரி. அந்தச் சேலை. அட கடவுளே, ஓடிபி! அதுலயே சைட்டு பேரு வந்திருக்கும், மொத நாளே கேட்டாளே! மூணாவது எபியிலயே முடிவச் சொல்றவன்னு எனக்கு அங்க பேரு தம்பி. நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க? டம்ளர்லயேவா? வடமதுரை கூடத் தாண்டலையே அப்ப! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மென்னு மென்னு சிரிச்சுக்கிட்டு இருந்தீங்களே!

‘பயமா இருக்கு’ன்னு எழுதுனது அவதான். பக்கத்துல கஞ்சியோட ஒக்காந்துக்கிட்டு எழுதியிருக்கா.

அந்தத் தூக்குச்சட்டியக் குடுங்க. வழி விடுங்க, வழி விடுங்கம்மா, எறங்கணும். காந்திமதி! ஏ காந்திமதி! நில்லு. பஸ் ஸ்டாண்டே பாக்குது, பாக்கட்டும். நீ நில்லு. அந்தப் புளிசாதம் இருக்குல்ல... நல்லா இருந்துச்சு. இன்னைக்கு மட்டுமில்ல. முப்பத்தொரு வருசமாவே நல்லா இருந்துச்சு.

என்னங்கிறா தம்பி? ஆரன்ல கேக்கல, நீங்க சன்னல்ல இருக்கீங்க, அவ உங்களுக்குக் கீழதான நிக்கிறா, கேட்டுச் சொல்லுங்க. ‘யூடி ரொம்ப லேட்டு’ங்கிறாளா? அப்படியா சொன்னா? அழுவுறாளா, சிரிக்கிறாளா?

சரி தம்பி, வர்றேன். ரெண்டு பேருமாத்தான் மாடி ஏறப் போறோம். அந்தப் பால் பொங்கி வழிஞ்சாலும் இனி நான் ஓடப் போறதில்ல.